கணினியில் பெய்யும் மழை, ஊரில் பெய்யும் மழை: ஒரு திருத்தத்தின் வரலாறு

"2050-இல் நம்ம ஊரில் மழை எவ்வளவு பெய்யும்?" இது சின்னக் கேள்வி மாதிரி தெரியும். ஏரிக்குக் கரை கட்டும் பொறியாளர், மக்காச்சோளம் விதைக்கும் விவசாயி, மழைநீர் வடிகாலுக்கு அகலம் குறிக்கும் மாநகராட்சி என்று எல்லோருக்கும் இதற்கு பதில் வேண்டும். பதிலைச் சொல்வதற்காகவே உலகில் பல நாடுகளில் பெரிய பெரிய கணினிகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அந்தக் கணினிகள் சொல்லும் மழையை யாரும் அப்படியே எடுத்துப் பயன்படுத்துவதில்லை. முதலில் அதைத் 'திருத்துகிறார்கள்'. திருத்திய பிறகுதான் அது நம் கைக்கு வருகிறது.

யார் திருத்துகிறார்கள், எதை வைத்துத் திருத்துகிறார்கள், இந்தப் பழக்கம் எப்போது தொடங்கியது? இந்தக் கட்டுரை அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறது. கணக்கு கொஞ்சம் வரும், பயப்பட வேண்டாம். பத்தாம் வகுப்புக் கணக்குக்கு மேல் போகாது :)

முதலில், பிழை என்றால் என்ன பிழை?

உங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் எப்போதும் பத்து நிமிடம் முன்னால் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது தப்பான கடிகாரம்தான். ஆனால் எவ்வளவு தப்பு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், மனதுக்குள் பத்தைக் கழித்துக்கொண்டு பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள். ஒரு நாள் முன்னால், ஒரு நாள் பின்னால் என்று இஷ்டத்துக்கு ஓடும் கடிகாரத்தை அப்படிப் பயன்படுத்த முடியாது. ஒரே பக்கமாகச் சாயும் முதல் வகைப் பிழையைத்தான் 'சாய்வு' என்கிறோம். சாய்வு தெரிந்தால் திருத்தலாம் என்பதுதான் இந்தத் துறையின் மொத்த நம்பிக்கையும்.

காலநிலை மாடல்களின் மழையில் சாய்வு இருப்பதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள்.

ஒன்று, கட்டத்தின் அளவு. மாடல் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு மழை அளவைத்தான் சொல்லும். உலக மாடல்களில் ஒரு கட்டம் பொதுவாக 100 முதல் 200 கி.மீ. அகலம். மகாராஷ்டிரத்தில் மகாபலேஷ்வரில் ஆண்டுக்கு 5,000 மி.மீ.க்கு மேல் மழை. அங்கிருந்து நேர்கோட்டில் 100 கி.மீ.கூட இல்லாத புனேயில் ஏறத்தாழ 700 மி.மீ. இரண்டும் ஒரே கட்டத்துக்குள் விழுந்தால் மாடல் சொல்லும் சராசரி மகாபலேஷ்வருக்கும் பொருந்தாது, புனேக்கும் பொருந்தாது.

இரண்டு, தூறல். ஒரு இடிமேகம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். அது கட்டத்தைவிடச் சிறியது என்பதால் மாடலால் அதை நேரடியாகக் கணக்கிட முடியாது. 'இவ்வளவு ஈரம், இவ்வளவு சூடு இருந்தால் இவ்வளவு மழை' என்று தோராய விதி ஒன்றை வைத்துச் சமாளிக்கிறது. அந்த விதி பெரும்பாலும் அவசரக்காரன். ஈரம் சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் கொட்ட வேண்டியதை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூறித் தீர்த்துவிடும். 2010-இல் கிரேம் ஸ்டீபன்ஸ் குழுவினர் செயற்கைக்கோள் அளவீடுகளோடு ஒப்பிட்டபோது, மாடல்களில் மழை உண்மையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு அடிக்கடி பெய்கிறது, பெய்யும்போது மிக லேசாகப் பெய்கிறது என்று கண்டார்கள்.

நம் விவசாயிகள் 'ஒரு உழவு மழை', 'இரண்டு உழவு மழை' என்று கணக்குச் சொல்வார்கள். மண்ணில் ஏர் இறங்கும் அளவுக்கு நனைந்ததா என்பதுதான் அந்த அளவுகோல். மாதம் முழுக்கத் தினம் 3 மி.மீ. தூறினால் மொத்தம் 90 மி.மீ., காகிதத்தில் பிரமாதம். ஆனால் ஒரு நாள்கூட உழவு மழை இல்லை! ஏரிக்கும் ஒரு சொட்டு வந்து சேராது. மொத்தம் சரியாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை.

1922 முதல் 1972 வரை

கணக்குப் போட்டு வானிலை சொல்லலாம் என்று முதலில் முழுமூச்சாக முயன்றவர் ஆங்கிலேயர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன். 1910-ஆம் ஆண்டு மே 20 அன்று ஜெர்மனிப் பகுதியில் ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எப்படி மாறியிருக்கும் என்று கையாலேயே கணக்கிட்டார். விடை 145 மில்லிபார் ஏற்றம். உண்மையில் அன்று அழுத்தம் கிட்டத்தட்ட மாறவே இல்லை! இந்தத் தோல்வியை மறைக்காமல் 1922-இல் தன் புத்தகத்திலேயே அச்சிட்டார். தொடக்க அளவீடுகளில் இருந்த சிறு இரைச்சலே கணக்கில் பூதாகரமாகிவிட்டது என்பது பிற்காலத்தில் தெளிவானது.

1956-இல் நார்மன் பிலிப்ஸ் கணினியில் பூமியின் பொதுக் காற்றோட்டத்தை ஒரு மாத காலத்துக்கு ஓட்டிக் காட்டினார். 1960-களில் சியுகுரோ மனாபே அதில் ஈரம், மழை, கடல் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். (2021-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே மனாபேதான்.) ஆனால் இவர்கள் யாரும் ஒரு ஊரின் மழையைச் சொல்ல முயலவில்லை. பூமி மொத்தமும் எப்படி இயங்குகிறது என்று புரிந்துகொள்வதுதான் நோக்கம்.

ஊருக்குள் இறங்கும் வேலை வேறு பக்கத்தில் நடந்தது. அமெரிக்க வானிலைத் துறையில் ஹாரி கிளானும் டேல் லோரியும் 1972-இல் ஒரு முறையை வெளியிட்டார்கள். கணினி நேற்று என்ன சொன்னது, ஊரில் உண்மையில் என்ன நடந்தது என்று நூற்றுக்கணக்கான நாட்களுக்கு ஜோடி ஜோடியாக எழுதிவை. இரண்டுக்கும் இடையே உள்ள உறவைப் புள்ளியியலால் கண்டுபிடி. நாளைக்கு கணினி சொல்வதை அந்த உறவின் வழியே செலுத்து. அவ்வளவுதான்! கணினியின் இயற்பியலைத் தொடவே வேண்டாம், அதன் பழக்கம் தெரிந்தால் போதும். நம் சுவர்க்கடிகாரத் தந்திரம்தான் இது. தினசரி வானிலை அறிக்கைகளில் இந்த வகைத் திருத்தம் இன்றும் உண்டு.

காலநிலைக்கு வந்தபோது ஒரு சிக்கல்

சரி, இதையே காலநிலை மாடலுக்கும் செய்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

வானிலை முன்னறிவிப்பு இன்றைய நிஜ வானத்திலிருந்து தொடங்குகிறது. அதனால் அது சொல்லும் 'நாளை' நம்முடைய நாளைதான். காலநிலை மாடல் அப்படியில்லை. அது 1850 வாக்கில் தொடங்கித் தன் போக்கில் ஓடுகிறது. அதில் வரும் '1987 நவம்பர் 12' நம் பூமியின் 1987 நவம்பர் 12 அல்ல. அன்று இங்கே புயல், அங்கே வெயில் என்று இருக்கும், இருப்பதும் தப்பில்லை. ஆகவே நாளுக்கு நாள் ஜோடி சேர்க்க வழியே இல்லை. முப்பது ஆண்டு நவம்பர்களை மொத்தமாக ஒரு குவியல், மாடலின் முப்பது ஆண்டு நவம்பர்களை இன்னொரு குவியல் என்று வைத்து, குவியலோடு குவியலைத்தான் ஒப்பிட முடியும்.

1980-களில் இதற்குக் கிடைத்த விடை எளிமையானது. மாடலின் மழையை நம்பாதே, மாடல் சொல்லும் *மாற்றத்தை* மட்டும் எடுத்துக்கொள். கரியமில வாயு இரட்டிப்பானால் ஜனவரி மழை 10 சதவீதம் கூடும் என்று மாடல் சொன்னால், உங்கள் ஊர் மழைமானியின் பழைய ஜனவரிப் பதிவுகளை எல்லாம் 1.1-ஆல் பெருக்கு. கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோ ஆற்றுப் படுகைக்கு பீட்டர் கிளீக் அந்த ஆண்டுகளில் செய்த ஆய்வுகள் இந்த வழியில் வந்தவை. பனி சீக்கிரம் உருகி, குளிர்காலத்தில் ஆற்றில் நீர் கூடும், கோடையில் குறையும் என்று அவை காட்டின. ஆனால் இந்த முறையில் ஒரு குறை. எத்தனை நாள் மழை, எத்தனை நாள் வறட்சி என்ற வரிசை பழையபடியே இருக்கும். மழை நாட்கள் குறைந்து அடைமழை கூடினால் இது அதைக் காட்டாது.

இதே காலத்தில் மாடலின் உள்ளேயும் ஒரு 'திருத்தம்' நடந்துகொண்டிருந்தது. வளிமண்டல மாடலையும் கடல் மாடலையும் இணைத்ததும், இரண்டும் சேர்ந்து மெல்ல மெல்ல நிஜமற்ற ஒரு காலநிலைக்கு நகர்ந்துபோயின. அதைத் தடுக்கக் கடல் பரப்பில் செயற்கையாக வெப்பத்தையும் நன்னீரையும் கூட்டிக் கழித்தார்கள். விமர்சகர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள், 'விடையைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போடுகிறீர்களே' என்று. 2000 வாக்கில் பிரிட்டனின் ஹாட்லி மையத்து மாடல் போன்றவை இந்த முட்டுக்கொடுத்தல் இல்லாமலே ஓடத் தொடங்கின. இதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. உள்ளே இருந்த திருத்தத்தை வெட்கத்தோடு கைவிட்ட அதே காலத்தில்தான் வெளியே இன்னொரு திருத்தம் கொடிகட்டத் தொடங்கியது.

ரேங்க் வாரியாகப் பொருத்து

மாணவர்களுக்கு இது சட்டென்று புரியும். 2019 முதல் ஜே.ஈ.ஈ. முதன்மைத் தேர்வு பல ஷிஃப்டுகளாக நடக்கிறது. ஒரு ஷிஃப்ட் கேள்வித்தாள் கடினம், இன்னொன்று எளிது. மார்க்கை நேரடியாக ஒப்பிடுவது அநியாயம். அதனால் பர்சென்டைல் பார்க்கிறார்கள். இந்த ஷிஃப்டில் நூற்றுக்கு 95 பேரை முந்தியவரும் அந்த ஷிஃப்டில் நூற்றுக்கு 95 பேரை முந்தியவரும் சமம்.

மழைக்கும் அதேதான். ஒரு பேச்சுக்கு, உங்கள் ஊர் மழைமானியில் நவம்பரில் சராசரியாக 10 மழை நாட்கள், மாடலில் 20 என்று வைத்துக்கொள்வோம். மாடலின் 20 நாட்களில் மிக லேசான 10-ஐயும் 'மழை இல்லை' என்று அடித்துவிடு. தூறல் பிரச்சினை தீர்ந்தது. மிச்சத்தை ரேங்க் போடு. மாடலில் முதல் ரேங்க் மழை 35 மி.மீ., ஊரில் முதல் ரேங்க் 90 மி.மீ. என்றால், இனி மாடல் 35 என்று சொன்னால் 90 என்று எழுது. இரண்டாம் ரேங்குக்கு இரண்டாம் ரேங்க். இப்படியே கடைசி வரை.

இந்த யோசனையின் கரு பழையது. ஹான்ஸ் பனோஃப்ஸ்கியும் கிளென் பிரையரும் 1958-இல் எழுதிய வானிலைப் புள்ளியியல் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. 1980-களில் ராடார் எதிரொலியை மழை அளவாக மாற்றவும் இதைப் பயன்படுத்தினார்கள். காலநிலைத் துறையில் இதைப் பிரபலமாக்கியது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ வுட், டென்னிஸ் லெட்டன்மையர் குழு. 2002-லும் 2004-லும் வந்த அவர்கள் கட்டுரைகளில் மாடலின் மாத மழையை இப்படித் திருத்தி, சிறு கட்டங்களுக்குப் பிரித்து, ஆற்று நீரோட்டக் கணக்குக்குக் கொடுத்தார்கள். 2007-இல் அமெரிக்கா முழுவதற்கும் இந்த வழியில் திருத்திய தரவு யாரும் இறக்கிக்கொள்ளும்படி பொதுவில் வந்தது. தரவு இலவசமாகக் கிடைத்ததும் ஆய்வுக் கட்டுரைகள் மழைக்காலத்து ஈசல் போலக் கிளம்பின.

மச்சாகோஸ் சோளக்கொல்லை

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கட்டுரை 2006-இல் வந்தது. எழுதியவர்கள் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமோர் ஐன்ஸும் ஜேம்ஸ் ஹான்சனும். (நாசாவின் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஹான்சன் வேறு ஆள்!) இடம், கென்யாவின் வறண்ட மச்சாகோஸ் பகுதி. அங்கே ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். அக்டோபரில் தொடங்கும் 'குறுமழை'யை நம்பி மக்காச்சோளம் போடுவார்கள்.

இவர்கள் மாடலின் தினசரி மழையை மேலே சொன்ன இரண்டு படிகளிலும் திருத்தினார்கள். முதலில் மழை நாட்களின் எண்ணிக்கை, பிறகு பெய்யும் அளவு. மாத மொத்தம் சரியானது, மழை நாட்கள் ஏறக்குறைய சரியாயின, ஒரு நாள் மழையின் சராசரியும் சரியானது. எல்லாப் பரீட்சையிலும் பாஸ். பிறகு அந்த மழையைப் பயிர் வளர்ச்சிக் கணிப்பு மாடலுக்குள் செலுத்திப் பார்த்தார்கள்.

விளைச்சல் குறைந்தது! நிஜ மழையைக் கொடுத்தால் வரும் விளைச்சலைவிடத் திருத்திய மழையில் வந்தது குறைவு. ஏன்? மாடலில் மழை நாட்கள் கும்பலாக வருகின்றன, வறண்ட நாட்களும் கும்பலாக வருகின்றன. எண்ணிக்கையைத் திருத்தினாலும் வரிசை மாறவில்லை. அதனால் நடுவில் நிஜத்தில் இல்லாத நீண்ட வறட்சி இடைவெளிகள். பயிர் அதில் வாடிவிடுகிறது.

சோளச் செடிக்கு சராசரி தெரியாது. அதற்குத் தெரிந்தது நேற்று தண்ணீர் வந்ததா, இன்று வந்ததா என்பதுதான். புள்ளியியல் அட்டவணையில் தெரியாத பிழையை ஒரு செடி காட்டிக்கொடுத்தது. தங்கள் முறையின் குறையை அவர்களே கண்டுபிடித்து, அதே கட்டுரையில் எழுதியும் வைத்தார்கள். ரிச்சர்ட்சன் பரம்பரை!

எதிர்ப்புக் குரல்கள்

அடுத்த பத்தாண்டில் கேள்விகள் வரிசையாக எழுந்தன.

2012-இல் ஊவே எரெட் முதலான நீரியலாளர்கள் 'சாய்வைத் திருத்தலாமா?' என்று கட்டுரைத் தலைப்பிலேயே கேட்டார்கள். திருத்தம் நிச்சயமின்மையைக் குறைப்பதில்லை, கண்ணில் படாமல் மறைக்கிறது என்பது அவர்கள் வாதம். திருத்தாத தரவையும் பக்கத்திலேயே வைத்துக் காட்டுங்கள் என்றார்கள். கடந்த காலத்துச் சாய்வே எதிர்காலத்திலும் இருக்கும் என்ற அனுமானத்தையும் அவர்கள் கேள்வி கேட்டார்கள். கடிகாரம் இன்று பத்து நிமிடம் முன்னால் ஓடுகிறது, சரி. பேட்டரி தீரும்போதும் பத்து நிமிடமேதானா?

2013-இல் டக்ளஸ் மரௌன் வேறொரு ஓட்டையைக் காட்டினார். ஒரு பெரிய கட்டத்தின் சராசரி மழையை எடுத்து அதற்குள் இருக்கும் ஒவ்வொரு ஊர் மழைமானிக்கும் ரேங்க் வாரியாகப் பொருத்தினால், எல்லா ஊரிலும் ஒரே நாளில் உச்ச மழை வந்துவிடும். நிஜத்தில் ஒரு ஊரில் கொட்டும்போது பக்கத்து ஊரில் வெயிலடிக்கும். எல்லா ஊர் நீரும் ஒரே நாளில் ஆற்றில் சேர்ந்தால் காகிதத்தில் பெருவெள்ளம்! அதை நம்பி அணை கட்டினால் செலவு யார் தலையில்?

இன்னொரு சங்கடம், ரேங்க் பொருத்தும்போது மாடல் சொன்ன மாற்றத்தின் அளவே மாறிவிடுவது. 10 சதவீதம் கூடும் என்றது 15 ஆகலாம், 5 ஆகலாம். இதற்கு மாற்றாக, மாற்றத்தைக் காப்பாற்றிக்கொண்டு சாய்வை மட்டும் நீக்கும் முறைகள் வந்தன. 2013-இல் சப்ரினா ஹெம்பல் குழுவும், 2015-இல் கனடாவின் அலெக்ஸ் கேனன் குழுவும் வெளியிட்டவை அவற்றில் முக்கியமானவை.

நம் பக்கம்

திருத்துவதற்கு அடிப்படை மழைமானி. மழைமானி இல்லாத ஊரில் எதை வைத்துத் திருத்துவது? இந்த விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் கொடுப்பினை உண்டு. சென்னையில் 1813 முதல் மழைப் பதிவு இருக்கிறது. இந்திய வானிலைத் துறை 2014-இல் வெளியிட்ட கட்டத் தரவு, 1901 முதல் கிட்டத்தட்ட 7,000 மழைமானி நிலையங்களின் பதிவுகளைச் சேர்த்து உருவாக்கியது. எல்லா நிலையமும் எல்லா ஆண்டும் இயங்கியதில்லை என்றாலும் இது பெரிய சொத்து. தினமும் காலை எட்டரை மணிக்குக் குவளையை எடுத்து அளவைக் குறித்துவைத்த அந்தப் பெயர் தெரியாத ஊழியர்கள் இல்லையென்றால் இங்கே திருத்தமும் இல்லை, இந்தக் கட்டுரையும் இல்லை.

2020-இல் காந்திநகர் ஐ.ஐ.டி.யின் விமல் மிஸ்ரா, உதித் பாட்டியா, அமர் தீப் திவாரி ஆகியோர் 13 உலக மாடல்களின் தினசரி மழையையும் வெப்பநிலையையும் ரேங்க் முறையில் திருத்தி, ஏறத்தாழ 25 கி.மீ. கட்டங்களாகப் பொதுவில் வைத்தார்கள். இந்தியா, இலங்கை உட்பட ஆறு தெற்காசிய நாடுகளுக்கு 2100 வரை. ஒரு கல்லூரி மாணவர்கூட இன்று தன் மாவட்டத்தின் எதிர்கால மழையைக் கணினியில் திறந்து பார்க்கலாம்.

திறந்து பார்க்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. ரேங்க் பொருத்த நாம் எடுத்துக்கொள்ளும் பழைய ஆண்டுகளில் இப்படி ஒரு மழையே இல்லாவிட்டால்? மாடல் எதிர்காலத்தில் அதைவிடப் பெரிய மழையைக் காட்டும்போது அதற்கு நேரே வைக்க ஊர்ப் பட்டியலில் ரேங்கே இருக்காது. சிலர் கடைசி ரேங்கின் திருத்தத்தையே நீட்டிக்கிறார்கள், சிலர் ஒரு கணித வளைவைப் பொருத்தி அதன் வாலைப் பிடித்துப் போகிறார்கள். இரண்டும் வேறு வேறு விடை தரும். உயிர்கள் போவதும் பாலங்கள் உடைவதும் அந்த வால் பகுதியில்தான். நம் கையிலுள்ள தரவு மிக மெலிந்திருப்பதும் அங்கேதான்.

கடைசியாக

ஆகவே இந்தத் திருத்தமே வேண்டாமா? அப்படிச் சொல்ல முடியாது. திருத்தாத மாடல் மழையில் தினமும் தூறிக்கொண்டே இருக்கும், ஏரி ஒருநாளும் நிறையாது. அதை வைத்து ஒரு வாய்க்கால்கூட வெட்ட முடியாது. திருத்தம் தேவைதான். ஆனால் அது ஒரு மொழிபெயர்ப்பு மாதிரி. மூலத்தில் சொல்லாத ஒன்றை மொழிபெயர்ப்பாளரால் புதிதாகக் கண்டுபிடிக்க முடியாது. மாடல் பருவக்காற்றின் பாதையையே தவறாகப் போட்டிருந்தால், ரேங்க் பொருத்தி அதை நேராக்க முடியாது. அழகாக்கத்தான் முடியும், அதுதான் ஆபத்து.

யாராவது உங்கள் மாவட்டத்துக்கு 2050-இன் மழைக் கணக்கைக் காட்டினால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த மழைமானிகளை வைத்துத் திருத்தினீர்கள்? திருத்துவதற்கு முன்னால் மாடல் என்ன சொன்னது? மொத்தத்தைத் தவிர வறட்சி இடைவெளிகளையும் சரிபார்த்தீர்களா? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்தக் கணக்கை மேசையில் வைத்துப் பேசலாம். இல்லையென்றால், மச்சாகோஸ் சோளச் செடியிடம் ஒருமுறை காட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.